ஓடிபி மலை ஏறிய கதை: லிந்துலையில் நான்கு நாள்

“அக்கா, மலைநாட்டில் ரூம் எடுத்துத் தங்கி லேப்டொப்பில் வேலை பார்க்கலாமா? நெட் கிடைக்குமா?” என் பதிவுகளை வாசிப்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு தடவையாவது வரும். ஒவ்வொரு தடவையும் “தாராளமாகக் கிடைக்கும், பயப்படாமல் போங்கள்” என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதில்களையெல்லாம் இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன். பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியைப் போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் சாதாரணமானது. கொழும்பில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கே சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும். நான்கு நாளைக்கு எங்காவது ஓடிப்போகலாம் என்று தேடியபோது, லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றி வைத்திருப்பது கண்ணில் பட்டது. ஒரு இரவுக்கு 24,000 ரூபா, காலைச் சாப்பாடு சேர்த்து. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘அதிவேக வைஃபை’ என்று போட்டிருந்தார்கள்.

நான் தலவாக்கலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் எங்கள் கடைக்கு வருவார்கள், நாங்கள் ஒரு நாளும் தோட்டத்துக்குள் போனதில்லை. அதனால் ‘எனக்குத் தெரியாத மலைநாடா’ என்ற தெனாவட்டு மட்டும் எனக்கு நிறைய இருந்தது. தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள். எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அங்கே இருப்பவர்களுக்குத்தான் மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, பேச்சு விழும்.

வியாழக்கிழமை காலை 5.45க்குப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். டிக்கெட் 620 ரூபா, கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கித்துல்கல வரைக்கும் நெட் ஒழுங்காக ஓடியது. அதற்கப்புறம் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். மின்நிலையம் இருக்கிற பொல்பிட்டியப் பக்கம் தாண்டும்போது சுத்தமாகப் போய்விட்டது. அந்த மலைத் தண்ணீரில் கரண்ட் எடுத்து நாடு முழுக்க அனுப்புகிறோம், அந்த மலைக்கு ஒரு டவர் வைக்க மட்டும் நமக்குக் கை வருவதில்லை என்று அப்போது சும்மா சலித்துக்கொண்டேன். முழுக் கோபம் இன்னும் வரவில்லை.

ஹட்டனில் 10.40. பிளேன்டீயும் இரண்டு வடையும் 190 ரூபா. அங்கிருந்து தலவாக்கலைக்குப் பஸ், 110 ரூபா, 50 நிமிடம். இன்னொரு பஸ்ஸில் லிந்துலை, 50 ரூபா, கால் மணி நேரம். அங்கே த்ரீவீல் பிடித்தேன். தோட்டத்துப் பாதை 6 கிலோமீட்டர்தான், ஆனால் 35 நிமிடம் எடுத்தது, 1,500 ரூபா. ரோட்டைப் பார்த்தபின் அவர் கேட்ட காசு நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். ஓட்டியவர் யோகா அண்ணன். பாதி வழியில் ஒரு பாலத்தடியில் வண்டியை நிறுத்தி, “யாருக்காச்சும் பேசணும்னா இப்பவே பேசிருங்க மிஸ். இதுக்கு மேல பங்களாவுலதான் கவரேஜ்” என்றார். வருகிற எல்லாரையும் அங்கே நிறுத்துவாராம்.

பங்களா உச்சியில் இருக்கிறது. கொஞ்சம் கீழே பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள், இரண்டு வரிசை, பதினெட்டு வீடு. பங்களாவுக்குப் போகிற இன்டர்நெட் கேபிள் எந்த வழியாகப் போகிறது தெரியுமா? அந்த லயத்துக் கூரைகளுக்கு மேலாகத்தான். ஒரு வீட்டுத் தகரத்தை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு தொங்குகிறது. வீடுகளுக்கு இறங்கவே இல்லை. நான் அன்று அதைப் போட்டோ எடுத்து, ‘பசுமைக்கு நடுவே’ என்று எழுதிப் பதிவு வேறு போட்டேன். என்னையே ஒரு அறை அறையலாம் போல இருக்கிறது.

வைஃபை பற்றி வாசகர்களுக்குத் தெரிய வேண்டியது: நான் அளந்தபோது 62 எம்பிபிஎஸ். கொழும்பில் என் வீட்டில் இதில் பாதி வராது. மேல்மாடி பல்கனியில் என் போன் கம்பெனிக்கு ஒரு சின்ன அன்டெனாவும் வைத்திருக்கிறார்கள், விருந்தாளிகள் பேசுவதற்கு. மற்றக் கம்பெனி சிம் அங்கே வேலை செய்யாது. வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் சொர்க்கம்தான். வேலை முடிந்தது, மத்தியானம் ஒரு மணிக்கு லயத்துப் பக்கம் நடக்கப் போனேன்.

லயத்துக்குப் பக்கத்தில் கொழுந்து மடுவம் இருக்கிறது, எடுத்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. அதன் ஜன்னல் கட்டையில் ஒரு ஆணி. ஆணியில் சீனிப் பைக்குள் போட்ட ஒரு பழைய போன் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எடுக்கப் போனேன். “எடுத்துறாதீங்க மிஸ், எறங்கினா கவரேஜ் போயிரும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பார்வதி அக்கா. பக்கத்திலிருக்கிற பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். போன் அவருடையது.

அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. லயத்தில் எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது. பாட்டுக் கேட்கலாம், போட்டோ எடுக்கலாம், டோர்ச் அடிக்கலாம். பேசத்தான் முடியாது. பள்ளத்துக்குள் எந்தக் கம்பெனியும் வராது. பங்களாவை விட்டால் முழுத் தோட்டத்திலும் கவரேஜ் பிடிக்கிற இடம் இந்த ஆணி ஒன்றுதான். அதுவும் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும், நெட் திறக்காது. ஆகவே கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், பேங்கில், எங்கே நம்பர் கேட்டாலும் பதினெட்டு வீட்டாரும் கொடுப்பது பார்வதி அக்காவின் நம்பரைத்தான். வெளிநாட்டில் வேலைக்குப் போன பெண்கள் கூப்பிடுவதும் இதற்குத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்கள் மடுவத்தில் நின்று “எனக்கு ஏதும் வந்துச்சாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அழைப்பு வந்தால் பார்வதி அக்கா ஞாபகம் வைத்துச் சொல்லிவிடுவார். எஸ்எம்எஸ் இங்கிலீஷில் வந்தால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதை அவரவரே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் 1.50க்கு சுகந்தி வந்தாள். இருபத்தொரு வயது, உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு அம்மா லட்சுமியோடு கொழுந்தெடுக்கிற பிள்ளை. ஆணியிலிருந்து போனை இறக்காமல், எக்கி நின்று ரீலோட் விளம்பர மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவள் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். என்ன என்று கேட்டேன். மெசேஜைக் காட்டினாள்.

கொழும்பில் ஒரு தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நேர்முகத் தேர்வுக்குத் தெரிவாகியிருக்கிறாள். வருவதாக ஒன்லைனில் உறுதிசெய்ய வேண்டும், கடைசி நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி, செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். எல்லாம் இங்கிலீஷில். திங்கட்கிழமை வந்த மெசேஜ். நான்கு நாளாக விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. இப்போது வெள்ளி, மணி இரண்டாகப் போகிறது.

டவுனுக்குப் பஸ் நாலரைக்குத்தான். ஓடியே போனாலும் மூன்றுக்கு முன் காசு கொடுத்து நெட் பார்க்கிற கொமியுனிகேசன் கடையில் உட்கார முடியுமா என்பது சந்தேகம். யோகா அண்ணனைக் கூப்பிடலாமென்றால் அவர் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறாரோ, அழைப்புப் போகவில்லை. “பங்களாவுக்கு வா, என் லேப்டொப் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை” என்று நான் பெரிய மனுஷி போலச் சொன்னேன். குறுக்குப் பாதையில் 800 மீட்டர் ஏற்றம், கால் மணி நேரம்.

கேட்டில் ஹோட்டல் மேனேஜர் மறித்தார். மரியாதையாகத்தான் சொன்னார். தோட்டத்து ஆட்கள் விருந்தாளி பக்கம் வருவதற்கு அனுமதி இல்லையாம், ரூல்ஸாம். ஒரு விண்ணப்பம் மட்டும், ஐந்து நிமிடம் என்று கெஞ்சினேன். அப்புறம் சத்தம் போட்டேன். அவள் பறித்த தேயிலையைத்தானே காலையில் ட்ரேயில் வைத்துக் கொடுத்தீர்கள், அது வரலாம், இவள் வரக்கூடாதா என்று கேட்டேன். மனுஷன் சிரித்துக்கொண்டே “சொறி மிஸ்” என்றார். இந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சண்டையில் பத்து நிமிடம் போனதுதான் மிச்சம். கடைசியில் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வேலிக்கு உள்ளே புல்லில் நான் உட்கார்ந்தேன், வேலிக்கு வெளியே சுகந்தி நின்றாள். மணி 2.25.

பக்கம் இரண்டு செக்கனில் திறந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டாயிற்று. அடுத்தது ஓடிபி. விண்ணப்பத்தில் கொடுத்த நம்பருக்கு ஆறு இலக்கம் வரும், மூன்று நிமிடத்துக்குள் போட வேண்டும். நம்பர் பார்வதி அக்காவுடையது. போன் கீழே ஆணியில் தொங்குகிறது. அது வேறு கம்பெனி சிம், இங்கே கொண்டுவந்தால் கவரேஜ் இல்லை. 62 எம்பிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் மூளை அதோடு நின்றுவிட்டது. சுகந்திக்கு நிற்கவில்லை.

மடுவத்துக்கும் பங்களாவுக்கும் இடைப்பட்ட சரிவில்தான் அன்று கொழுந்து. பெண்கள் நிரை பிடித்து, ஆளுக்கொரு வரிசையாக, மலை முழுக்கப் பரந்து நின்றார்கள். வேலிக்கு மிகக் கிட்ட நின்றது லட்சுமி அக்கா. சுகந்தி அம்மாவைக் கூவிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மா கீழ் நிரைக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்கு. ஒன்பது குரல் தாண்டி மடுவத்துக்குச் செய்தி போய், பார்வதி அக்கா ஆணிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பதிலும் வந்தது. யாரும் கூடையை இறக்கவில்லை. வேலையை விட்டு என்ன சத்தம் என்று, வேலையை மேற்பார்க்கிற கங்காணி ஓடி வந்தார். லட்சுமி அக்கா என்ன சொன்னாரோ, அந்த மனுஷன் இரண்டு பெண்களுக்கு நடுவே தூரம் அதிகமாக இருந்த இடத்தில் தானே போய் நின்றுகொண்டார்.

முதல் தடவை அழுத்தினேன். மெசேஜ் ஆணிக்கு வந்து சேரவே இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டது. கடைசி இலக்கம் என்னிடம் வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. “திரும்ப அமத்துங்கக்கா” என்றாள் சுகந்தி. மிஸ் அக்காவானது அப்போதுதான். மறுபடி அழுத்தினேன். இந்த முறை உடனே வந்துவிட்டது. நாலு, பூச்சியம், ஏழு, ஏழு, ரெண்டு, ஒம்பது. மலையடியிலிருந்து ஒவ்வொரு இலக்கமும் குரல் குரலாக ஏறி வந்தது. லட்சுமி அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். போட்டேன். பச்சை டிக் விழுந்தது. மலை முழுக்கக் கூச்சல். நானும் கத்தினேன், ஒளிப்பானேன்.

அடுத்த பக்கம் திறந்து இப்படிச் சொன்னது: இந்தத் தொலைபேசி இலக்கம் வேறொரு விண்ணப்பதாரரின் பெயரில் பதிவாகியுள்ளது, உங்கள் சொந்த இலக்கத்தை உள்ளிடவும்.

போன வருஷம் அதே லயத்திலிருந்து இன்னொரு பிள்ளை அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் எந்த நம்பரைக் கொடுத்திருப்பாள்? ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்று எங்கேயோ ஏசி ரூமில் இருந்து ஒருவர் முடிவு பண்ணிவிட்டார். பதினெட்டு வீட்டுக்கு ஒரு ஆணி என்பது அவருக்கு யார் சொல்வது? அந்த ஒரு நம்பரைக் கொடுத்து இந்த ஜனங்கள் எத்தனை விண்ணப்பத்தில் விழுந்திருக்கிறார்களோ, ஏன் விழுந்தோம் என்றுகூடத் தெரியாமல்! மணி 2.43. யோசிக்க நேரமில்லை, என் நம்பரைப் போட்டுவிட்டு பல்கனிக்கு ஓடினேன். ஓடிபி வந்தது. 2.51க்கு உறுதியாயிற்று. தேர்வுத் தேதி எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றது, அதாவது எனக்கு.

வருமல்லவா? வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்புக்குத் திரும்பும்போது, கினிகத்தேனையில் பஸ் நின்றிருந்த நேரம், காலை 11.05. நேர்முகத் தேர்வு திங்கள் காலை 8.30க்கு, மூலச் சான்றிதழ்களோடு வரவும். மறுநாள்! பார்வதி அக்காவுக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா பூட்டு. போன் ஆணியில் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு தடவை. யோகா அண்ணனும் கிடைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று பஸ், ஒரு த்ரீவீல், மொத்தம் 1,800 ரூபா, மூன்று மணித்தியாலத்துக்கு மேல். ஒரு எஸ்எம்எஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். சுகந்தி லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு பைல் எடுக்க ஓடினாள். லட்சுமி அக்கா பாதை வரைக்கும் வந்து, “என்ன ஏதுன்னு சொல்லி விடுங்க மிஸ்” என்றார். சரி என்று தலையாட்டினேன். எப்படி என்று யோசிக்கவில்லை.

திங்கள் காலை நேரத்துக்கு முன்பே கொண்டுபோய் விட்டேன். உள்ளே முதல் கேள்வியே தொடர்பு இலக்கம் ஏன் வேறொருவருடையது என்பதுதானாம். பொறுப்பாக இருக்கப் பழக வேண்டும் என்று புத்திமதியும் கிடைத்ததாம். அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

இனி, போகப்போகிறவர்களுக்கு. இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் கொண்டுபோங்கள். ஹட்டனிலேயே மேப்பைப் பதிவிறக்கி வையுங்கள். லிந்துலையிலோ பூண்டுலோயாவிலோ மேலே ஏறுமுன் வீட்டுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். திரும்பும் த்ரீவீலை ஏறும்போதே நேரம் குறித்துப் பேசி வையுங்கள், கூப்பிட்டு அழைக்கலாம் என்று நம்பாதீர்கள். பங்களா அறை பதிவு செய்யும்போது வைஃபை இருக்கிறதா என்று கேட்பீர்கள்தானே, அப்படியே கீழே லயத்துக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். ‘இன்டர்நெட் இல்லாத அமைதி’ என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். நமக்கு அது நான்கு நாள்.

திங்கள் பின்னேரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முடிவை அன்றே 3.30க்கு ஒட்டினார்கள். சுகந்தி தெரிவாகிவிட்டாள். மருத்துவப் பரிசோதனைக்காக இன்னும் மூன்று நாள் கொழும்பில் இருக்க வேண்டும். வெளியே பஸ் தரிப்பில் நின்று என் போனை வாங்கி பார்வதி அக்காவின் நம்பருக்கு அடித்தாள். நான்கு கோடும் நிறைந்த கவரேஜ். நீங்கள் அழைக்கும் இலக்கத்தை அடைய முடியாது என்று மூன்று மொழியில் பதில் வந்தது. மேலே மழையாக இருக்கும், டவரில் கரண்ட் போயிருக்கும் என்றாள். ஆறு மணி வரை அடித்துக்கொண்டே இருந்தாள். மடுவத்தில் அம்மா கேட்டுக் கேட்டு நிற்பார் என்றாள். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

“அக்கா, நீங்க மறுபடி எப்ப மேல போவீங்க? அம்மாகிட்ட சொல்லணும்.”